இருமலுக்குப் பிறகு ஒரு வரி

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் பாலகுருவின் உதடுகள் அசைவதைத்தான் சிகாமணி முதலில் கண்டார். முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறர் வாய்க்குக் குரல் கொடுத்தே பழகிவிட்ட மனிதருக்கு, எதிரே நிற்பவர் பேசினாலும் உதடு முன்னும் சொல் பின்னுமாகவே வந்து சேரும். "சார், இருமலுக்கு நீங்க சிரமப்பட வேணாம். வாட்ச்மேன் இருமல்தான் ஸ்டாக்குல கெடக்கே. ஏழு வருஷமா அதைத்தான போட்டுட்டு வர்றோம், அதையே வெச்சுடறேன். நீங்க வசனத்தை மட்டும் குடுத்துட்டுக் கெளம்புங்க" என்றது காதுகளைக் கவ்வியிருந்த ஹெட்போன். நல்லது தம்பி என்று சொல்வதற்காகச் சிகாமணி வாயைத் திறந்தார். ஏழு ஆண்டுகளாக அப்படிச் சொல்லித்தான் வழக்கம். இன்று திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. அதற்குள், குரல்களை நடத்திக் கொடுக்கும் பொறுப்பிலிருந்த நளாயினி, கையிலிருந்த போனை உயர்த்திக் காட்டி, "ஐயா, மும்பை சேனல் ஆபீஸ்லேர்ந்து கூப்புடுறாங்க. பத்து நிமிஷம். அப்படியே உக்காந்திருங்க, எந்திரிக்காதீங்க" என்று கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். பாலகுருவும் தன் விசைப்பலகையின்மேல் குனிந்துகொண்டான். குளிரூட்டியின் இரைச்சலையும் நிறுத்திவிட்ட அந்தச் சின்னஞ்சிறு அறையில், சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த அந்தச் செவிட்டு அறையில், சிகாமணி தம் மூச்சோடு தனியாக விடப்பட்டார். எதிரே திரையில், பொம்மை வாட்ச்மேன் சொக்கு, வாயை அரைகுறையாகத் திறந்து, ஒரு கையை மார்பருகே தூக்கியபடி உறைந்திருந்தான். அவன் இருமப் போகிறான். அந்த இருமல் தம்முடையதன்று, தம் மனைவி செங்கமலத்தினுடையது என்பதை இந்தக் கட்டடத்தில் தம்மைத் தவிர ஒருவரும் அறியார். அவள் இறந்த செய்தியை எல்லாரும் அறிவார்கள். மாலை வாங்கிக்கொண்டு வந்தார்கள். இன்றைக்கு இருபத்திரண்டாம் நாள்.

கடல் கடந்த ஏதோ ஒரு நாட்டில் வரையப்பட்டு, சாலிக்கிராமத்தின் இந்த மாடியறையில் தமிழ் பேசக் கற்றுக்கொண்ட பொம்மைப் படம் அது. தமிழில் அதற்கு 'ஓட்டைக்கூரை உயர்நிலைப் பள்ளி' என்று பெயர் வைத்தார்கள். நிதி என்றால் என்னவென்றே அறியாத ஒரு பள்ளிக்கூடம். ஒரே சோதனைக் குழாயை இருபது ஆண்டுகளாகக் கழுவிக் கழுவிப் பாடம் நடத்தும் விஞ்ஞான ஆசிரியை. மழை வந்தால் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறைவணக்கக் கூட்டம் நடத்தும் தலைமையாசிரியர் கஜபதி. வாசலில் இந்தச் சொக்கு. சொக்குவுக்கு வசனம் கிடையாது. யாரிடமோ எதையோ சொல்ல வருவான்; சொல்ல வாயெடுத்ததும் இருமல் வந்துவிடும்; இருமல் ஓய்வதற்குள் கேட்டவர் போய்விடுவார், இல்லையேல் கூரை இடிந்து விழுந்துவிடும். பதினோரு ஆண்டுகளாகக் குழந்தைகள் சிரித்த சிரிப்பு அதற்குத்தான். இன்று பதிவாவது கடைசிப் பகுதி. பள்ளியை மூடிப் பூட்டிவிட்டு வரச் சொல்லி மேலிடத்து ஆணையோடு ஓர் அதிகாரி வருகிறார். பூட்டைக் கொண்டு வா என்கிறார். சொக்கு இருமுகிறான். முதன்முறையாக எல்லாரும் நின்று, அந்த இருமல் முடியும்வரை காத்திருக்கிறார்கள். அவன் பதினோரு ஆண்டுகளாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறான்: "கேட்டுக்குப் பூட்டே கெடையாதுங்கய்யா." பூட்டில்லாத பள்ளியை எப்படி மூடுவது? அதிகாரி திகைக்கிறார், பள்ளி பிழைத்துக்கொள்கிறது, படம் முடிகிறது. தாளில் அச்சிட்டுக் கொடுத்திருந்த அந்த ஒரு வரியைச் சிகாமணி காலையிலிருந்து பத்து முறை படித்துவிட்டார். வரியில் குறையொன்றும் இல்லை. வரிக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் 'இருமல், பழையது' என்றிருந்ததே, அங்கேதான் கண் இடறிக்கொண்டிருந்தது.

பழையது. ஆம், பழையதுதான். அவள் அதைத் தொடங்கி எத்தனை ஆண்டாயிற்று? மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் ஆயாவாக இருந்தாளே, அங்கிருந்துதான் அதைக் கொண்டுவந்தாள். பிள்ளைகள் வருவதற்குமுன் ஐந்து வகுப்பறைகளைப் பெருக்கி, கரும்பலகைகளைத் துடைத்து, துடைத்த துணியைச் சன்னலுக்கு வெளியே உதறுவாள். உதறும்போது காற்று எதிரே அடித்தால் சாக்பீஸ் தூள் முழுவதும் அவள் முகத்துக்கே திரும்பி வரும். மாவுமில்லிலிருந்து வந்தவள்போல் புருவம் வெளுத்து வீட்டுக்கு வருவாள். இந்தப் பொம்மைப் படத்தின் முதல் பகுதி ஒளிபரப்பான அன்று, தரையில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கியபடியே பார்த்தாள். "என்னங்க, இது எங்க ஸ்கூலுதாங்க! எவனோ வந்து பாத்துட்டுப் போய் வரைஞ்சிருக்கான்" என்றாள். பிறகு உற்றுப் பார்த்து, "இல்ல, இல்ல. இவங்க பணக்காரங்க. நாலு ஒழுக்குக்கு நாலு வாளி வெச்சிருக்காங்க பாருங்க. எங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. எது பெரிய ஒழுக்கோ அதுக்குக் கீழ வைக்கணும்" என்று சொல்லிச் சிரித்தாள், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இரண்டு சின்னது, ஓர் இடைவெளி, பிறகு சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைப்போல் நீளமாக ஒன்று, அதன் வாலில் மேலே ஏறும் ஒரு கீச்சு. சிகாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த பகுதியிலிருந்து வரவிருந்த சொக்குவுக்கு என்ன இருமல் வைப்பது என்று ஒரு வாரமாக அவர் தவித்துக்கொண்டிருந்தார். அசல் மொழியில் இருமியவனுடைய இருமல் தமிழ்க் காதுக்குத் தும்மலைப்போல் கேட்டது. "செங்கமலம், அதை இன்னொரு தடவை செய்" என்றார். "எதைங்க?" "இப்ப இருமினியே, அதை." "ஐயே, இதென்ன கூத்து! இருமலைக் கேட்டு வாங்குற மனுசனை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றாள். ஆனாலும் செய்து காட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பொற்கொல்லன் தராசைப் பார்ப்பதுபோல் அந்த இருமலின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பார்த்தார். எங்கே மூச்சு வாங்குகிறாள், எங்கே தொண்டை அடைக்கிறது, எங்கே கீச்சு பிறக்கிறது என்று அளந்தார். அளந்தவருக்கு அது ஏன் வருகிறது என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

இவ்விடத்துக்கு வந்ததும் நினைவு வழக்கம்போல் கால் தடுக்கி நின்றது. நின்று, வேறு பக்கம் திரும்பி ஓடப் பார்த்தது. மேசைமேல் பனங்கற்கண்டு போட்ட வெந்நீர்ப் பாட்டில் இருந்தது. அவரே போட்டுக்கொண்டு வந்தது, கற்கண்டு அதிகமாகிவிட்டது. அவள் இரண்டு துண்டு போடுவாளா, மூன்றா? கேட்டு வைத்துக்கொண்டதில்லை. கேட்டு வைத்துக்கொள்ளாதவற்றின் வரிசை நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகிறது: கடுகு டப்பா எங்கே, வாசல் பல்பை மாற்றிக் கொடுத்த ஆள் யார், அவள் முதன்முதலில் இருமிய நாள் எது. வேண்டாம். பாலகுரு கண்ணாடிக்கு அப்பால் கொட்டாவி விட்டான், ஓசையில்லாத கொட்டாவி. இதே கண்ணாடி. அன்று அப்பால் இருந்தவர் பழைய ஒலிப்பதிவாளர், சீனியர் என்று எல்லாரும் அழைத்த மனிதர், பிறகு ஓய்வுபெற்று ஊரோடு போய்விட்டார். ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த ஐப்பசியில் சிகாமணிக்குக் குரல் கட்டிக்கொண்டது. மூன்று நாளாக வாயைத் திறந்தால் காற்றுத்தான். மறுநாள் படம் ஒளிபரப்பாக வேண்டும். ஓர் இருமல் மட்டும் பாக்கி. செங்கமலம் சுக்குக் கஷாயத்தைப் பிளாஸ்க்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு இங்கேயே வந்துவிட்டாள். உள்ளே விடமாட்டார்கள், வாசலோடு கொடுத்துவிட்டுப் போ என்றார் அவர். கேட்டாளா? விளக்கு மங்கியிருந்த இந்த அறைக்குள் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு வந்து, அவருக்குப் பின்னால், சுவரோரம் உட்கார்ந்தாள். பதிவுக்காக நிறுத்தும்வரை குளிரூட்டியின் காற்று அவள்மேல் அடித்தது. திரையில் கஜபதி வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கொடியேற்றினார். கயிறு அறுந்து, கொடி வாளியின்மேல் விழுந்தது. அவள் சிரிப்பை அடக்கினாள். சத்தம் போடக் கூடாது என்று அறிந்தவள் ஆயிற்றே, வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அடக்கினாள். அடக்கிய சிரிப்பு குளிரோடு சேர்ந்து மார்பில் முட்டி, இருமலாய் வெடித்தது. இரண்டு சின்னது, ஓர் இடைவெளி, நீளமாக ஒன்று, கீச்சு. சிகாமணி பதறித் திரும்பியபோது ஹெட்போனில் சீனியரின் குரல் துள்ளியது. "சிகாமணி! பிரமாதம்ய்யா! தொண்டையே இல்லேன்னியே, பதினோரு ஊரு கேக்குற மாதிரி இருமிட்டியே! ஓகே, இதுதான், இதுக்கு மேல வேணாம்!" இருட்டில் அவளைச் சீனியர் பார்த்திருக்கவில்லை. மைக் திறந்திருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். அது நானில்லை ஐயா, என் வீட்டுக்காரி என்று காகிதத்திலாவது எழுதிக் காட்டியிருக்கலாம். சொல்லாமல் விட்டதற்குத் தொண்டைக்கட்டு ஒரு சாக்கு. பிரமாதம் என்ற சொல் அத்தனை காலத்தில் அன்றுதான் அவர் காதில் விழுந்தது. கூட்டத்தில் ஒரு குரலாய், கதவுக்குப் பின் ஓர் அலறலாய், அழும் கிழவனாய், குரைக்கும் நாயாய் வாழ்ந்தவருக்குச் சொந்தமாகக் கிடைத்த முதற் பாராட்டு அது. வெளியே வந்ததும் செங்கமலம் சொன்னாள்: "என்னங்க, டிவில எம் பேரையும் போடச் சொல்லுங்க. வசனம் செங்கமலம்னு." "இருமலுக்கெல்லாம் பேரு போடமாட்டாங்க" என்றார் அவர், காற்றுக் குரலில். "உங்களுக்கே போடலியே, எனக்கா போடப் போறாங்க" என்று அவளே முடித்துவைத்து, பிளாஸ்க்கை ஆட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி முன்னால் நடந்தாள். சிரிப்பு, அழுகை, விக்கல், பெருமூச்சு என்று சொல்லில்லாத ஓசைகளையெல்லாம் ரியாக்‌ஷன் என்பார்கள் இந்தத் தொழிலில். நல்லவையாய் அமைந்துவிட்டால் தனியே சேமித்து வைத்து, வேண்டும்போதெல்லாம் எடுத்துப் போடுவார்கள். அவளுடைய இருமலும் அப்படிச் சேமிப்பில் போய்ச் சேர்ந்தது, 'சிகாமணி' என்ற தலைப்பின் கீழ். அதன்பிறகு அவர் சொக்குவுக்காக இருமவே இல்லை. பெருமூச்சுக்கும் கனைப்புக்கும் வந்து போனார். வீட்டில் டிவியில் அந்த ஓசை வரும்போதெல்லாம் அவள் முழங்கையால் அவர் விலாவில் இடிப்பாள். இருவர் மட்டும் அறிந்த விளையாட்டாக அது இருந்தது. விளையாட்டாக இருந்ததனால்தானே, அவள் நிஜமாக இருமியபோதும் அவருக்குச் சிரிப்பு வந்தது?

"இந்த இருமல் எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார், கடைசியில் அவளைக் கூட்டிப்போய்க் காட்டிய மருத்துவமனையின் டாக்டர். வயதில் இளையவர், குரலில் கடுமை இல்லை. கடுமை இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நுரையீரல் நார்பிடித்துக் காய்ந்துபோயிருக்கிறது என்றார்; பல வருடமாக நடந்திருக்க வேண்டும் என்றார். "அம்மா சொல்லாட்டிப் போகுது. கூட இருக்கறவங்க யாருமே கவனிக்கலையா சார்?" கவனிக்கலையா! இந்தப் பூமியில் எந்தக் கணவன் மனைவியின் இருமலை அவரைப்போல் கவனித்திருப்பான்? அதை நொடிக்கணக்கில் அறிவார். வாலில் வரும் கீச்சு எந்தச் சுருதி என்று அறிவார். முதல் ஆண்டில் அந்தக் கீச்சு சின்னதாக இருந்ததையும், போகப் போக நீண்டதையும்கூடக் கேட்டார். கேட்டு, தாமே இருமிய அந்த முதல் நான்கு ஆண்டுகளில் சொக்குவின் இருமலையும் அதற்கேற்ப நீட்டினார். நளாயினிக்குமுன் இருந்த பெண்மணி, உங்கள் இருமல் ஆண்டுக்கு ஆண்டு மெருகேறுகிறது என்றாள். டாக்டரிடம் இதில் எதைச் சொல்வது? "தூசிங்க" என்றாள் செங்கமலம், அவரை முந்திக்கொண்டு. "ஸ்கூல்ல தூசி. இவருக்கு ஒண்ணும் தெரியாது, பாவம்." அந்தப் பாவம் என்ற சொல்லை அவள் எவ்வளவு மெல்லிய குரலில் சொன்னாள் என்பது மட்டும் இப்போது நினைவுக்கு வரவில்லை. சொல் இருக்கிறது, குரல் இல்லை. அதுதான் அச்சம். பத்து நாளாக அவரைப் பின்தொடர்ந்து வந்து, குளியலறையிலும் பேருந்திலும் பிடரியைப் பிடித்துக்கொள்ளும் அச்சம். அவளுடைய முகம் புகைப்படத்தில் இருக்கிறது. சேலைகள் கொடியில் இருக்கின்றன. குரல் எதிலும் இல்லை. வாழ்நாளெல்லாம் ஒலிப்பதிவுக் கூடத்தில் கிடந்தவர், வீட்டில் ஒருநாள்கூட அவளுடைய ஒரு சொல்லைப் பதிந்து வைத்தவரில்லை. மிட்டாய்க் கடைக்காரன் வீட்டில் இனிப்பு வாங்கமாட்டான் என்பதுபோல. உலகத்தில் அவளிடமிருந்து எழுந்து, இன்னும் காற்றில் ஒலிக்கக்கூடிய ஓசை ஒன்றே ஒன்றுதான். அது கண்ணாடிக்கு அப்பால், பாலகுருவின் சுண்டுவிரலுக்கடியில், அவர் பெயரைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது.

அதை அழித்துவிடச் சொன்னால் என்ன? ஒரு விசை. பாலகுரு ஏன் என்றுகூடக் கேட்கமாட்டான். வேண்டாம் தம்பி, அது சரியில்லை, எடுத்துடு என்றால் எடுத்துவிடுவான். அத்தோடு அவளுடைய நோயைப் பார்த்துச் சிரிப்பது இந்த உலகத்தில் நின்றுபோகும். எத்தனை வீடுகளில், எத்தனை குழந்தைகள், வாயில் சோற்றை வைத்துக்கொண்டு அவள் மூச்சுத் திணறுவதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள்! இனியும் சிரிப்பார்கள், மறுஒளிபரப்பு என்று ஒன்று இருக்கிறதே, அது மனிதர்களைச் சாகவிடாது. அழிக்கச் சொல்வதுதான் நியாயம். அழித்துவிட்டால் அவள் முழுவதுமாக இறந்துபோவாள். அழிக்காவிட்டால் இருமிக்கொண்டே இருப்பாள். இதற்கு நடுவே நிற்க ஓர் இடம் இருக்கிறதா என்று சிகாமணி தேடினார். ஆறடிக்கு எட்டடி அறையில், மைக்குக்கும் நாற்காலிக்கும் இடையே, காலை நீட்டவும் இடமில்லாத அந்த இருட்டில் தேடினார். நானே இருமிவிட்டால்? ஆம், அதுதான் வழி. தாமே இருமிவிட்டால், அவளுடையது இந்தக் கடைசிப் பகுதிக்குள் வராமல் இருக்கும், அழிக்கவும் வேண்டாம், பெட்டிக்குள் யார் கையும் படாமல் கிடக்கட்டும். அவளிடம் கற்றதுதானே! நான்கு ஆண்டுகள் செய்ததுதானே! மார்பிலிருந்து ஒரு கனம் இறங்கியதுபோல் இருந்தது. கதவு திறந்தது, நளாயினியின் நிழல் கண்ணாடியில் விழுந்தது. "ஐயா, மன்னிச்சுக்கோங்க, அவங்க வுட்டாத்தான. கடைசி எபிசோடு, நல்லா வரணுமாம். நாம என்ன கெட்டதா பண்ணவா உக்காந்திருக்கோம்! போலாமா?" சிகாமணி மைக்கை நெருங்கினார். "இருமல் நானே குடுத்துடறேம்மா. பழசு வேணாம்." பாலகுரு நளாயினியைப் பார்த்தான், நளாயினி தோளைக் குலுக்கினாள். "உங்க இஷ்டம்ங்கய்யா. ஓட்டு பாலகுரு."

சிவப்பு விளக்கு எரிந்தது. சொக்கு உயிர்பெற்றான், அதிகாரி பூட்டைக் கேட்டார், சொக்குவின் கை மார்புக்குப் போயிற்று. சிகாமணி இருமினார். இரண்டு சின்னது, ஓர் இடைவெளி, நீளமாக ஒன்று. அளவு பிசகவில்லை. "இன்னொண்ணு போலாங்கய்யா" என்றாள் நளாயினி. இன்னொன்று. மூன்றாவது. மூன்றாவதில், நீளமான இருமலின் அடியில், தாம் வைக்காத ஏதோ ஒன்று தம் தொண்டைக்குள்ளிருந்து எழுந்து வருவதைச் சிகாமணியே கேட்டார். நளாயினி பேசும் பொத்தானை அமுக்கினாள். "ஐயா… தப்பா எடுத்துக்காதீங்க. இது வேணாம். இது நெசமாவே ஒடம்பு முடியாத ஒருத்தர் இருமுறாப்ல இருக்கு. கொழந்தைங்க பயந்துக்கும்." பாலகுரு இடையே புகுந்தான். "அந்தப் பழசு கேளுங்க சார், மறந்துட்டீங்க போல. அதுல ஒரு குறும்பு இருக்கும். சிரிப்பை அடக்கிட்டு இருமுற மாதிரி. எனக்குன்னா அதைக் கேட்டாலே ஒரு இது, சிரிச்சிடுவேன்." சிகாமணி நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு. இவனுக்கு எப்படித் தெரியும்? அன்று பிறக்காதவன்போல் உட்கார்ந்திருக்கும் இவனுக்கு, அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது எப்படித் தெரியும்? நோயை வேடிக்கையாக்கி விற்றதாக அல்லவா அவர் தம்மை இருபத்திரண்டு நாளாக வதைத்துக்கொண்டிருந்தார்! நோயாளியின் இருமல் அவரிடம் இருக்கிறது. சிரிப்பு அவளுடையதில் இருக்கிறது. குழந்தைகள் அந்தச் சிரிப்புக்குத்தான் சிரித்தார்களா? தெரியவில்லை. ஆறுதலைத் தேடி அலைகிற மனம் எந்தக் கொம்பையும் பிடித்துக்கொள்ளும் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. "சரி தம்பி" என்றார். "பழசையே போடுங்க."

"ஓகே சார். இருமல் முடிஞ்சதும் கொஞ்சம்கூட கேப் விடாம வசனத்தைப் புடிச்சுக்கணும். ஒரே வாய், ஒரே ஷாட்டு. உங்க காதுல இருமலை ஓட விடறேன். போலாமா?" விளக்கு எரிந்தது. அதிகாரி பூட்டைக் கேட்டார். சொக்கு வாயைத் திறந்தான். செங்கமலம் இருமினாள். டிவிப் பெட்டியின் தகர ஒலியாக அல்ல. இரண்டு காதுக்கும் நடுவே, தலைக்குள், பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருப்பவளைப்போல அவ்வளவு அருகில். சொக்குவின் உதடுகள் வசனத்துக்கு அசைந்து, மூடின. சிகாமணி பேசவில்லை. "மிஸ் ஆயிடுச்சு சார். பரவால்ல, இன்னொண்ணு." மறுபடியும் விளக்கு, மறுபடியும் அவள். இம்முறை நீண்ட இருமலுக்குமுன், அந்த இடைவெளியில், கண்ணாடி வளையல் ஒன்று மற்றொன்றில் மெல்ல இடிப்பது கேட்டது. கையை வாய்க்குக் கொண்டுபோகிறாள். உதடுகள் அசைந்து மூடின. "சார், காதுல கேக்குதுல்ல?" "கேக்குது தம்பி. என்மேலதான் தப்பு. இன்னொரு தடவை போடுங்க." முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட இடம் தவறவிட்டவர் என்ற பெயரெடுக்காத சிகாமணி, மூன்றாவது முறையும் தவறவிட்டார்; நான்காவது முறையும். நளாயினி பாலகுருவின் காதில் ஏதோ சொன்னாள். அவளுடைய உதடுகளை அவர் படித்தார்: பாவம், வூட்ல அவங்க போனதுலேர்ந்து. படித்தும் வெட்கம் வரவில்லை. "இன்னொரு தடவை" என்றார். பதினோரு ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த வரியைப் பேசாமல் விழுங்கிக்கொண்டு, தண்ணீர்ப் பந்தலில் மறுபடி மறுபடி கையேந்தும் வழிப்போக்கனைப்போல, "இன்னொரு தடவை, தம்பி" என்றார்.

ஏழாவது முறைதான் அவருக்கு அது கேட்டது. சிரிப்பு கேட்டது, வளையல் கேட்டது, அவற்றுக்கெல்லாம் பின்னால், கீச்சு முடிகிற இடத்தில், மூச்சுக்காக அவள் இழுக்கும் அந்தச் சின்ன இழுப்பும் கேட்டது. இழுத்தும் போதாமல், அரைகுறையாய் அறுந்து நின்றது அது. அன்றைக்கே இருந்திருக்கிறது. பிரமாதம் என்று சீனியர் துள்ளிய அதே நொடியில், அவருடைய முதுகுக்குப் பின்னால், அவளுக்கு மூச்சுப் போதவில்லை. சிகாமணியின் கைகள் தாமாகவே எழுந்து ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டன. ஏழு முறை. என் ஆசைக்காக அவளை ஏழு முறை இருமவைத்திருக்கிறேன். முன்பும் கேட்டு வாங்கினேன், இப்போதும் கேட்டு வாங்குகிறேன்; அவளும் முகம் சுளிக்காமல் இரண்டு சின்னது, நீளமாக ஒன்று என்று கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். மருத்துவமனையில் கடைசி வாரத்தில், பார்க்க வருகிறவர்கள் எப்படியிருக்கே என்று கேட்பார்கள். பதில் சொல்ல வாயெடுப்பாள். இருமல் வந்து மறித்துக்கொள்ளும். அப்போதெல்லாம் அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, "நீ பேசாதே, நான் சொல்றேன்" என்று அவள் விட்ட இடத்திலிருந்து பேசுவார். சாப்பிட்டாள், தூங்கினாள், நேற்றைக்கு இன்றைக்குத் தேவலாம் என்று ஏதேதோ பேசுவார். அவர் பேசத் தொடங்கியதும் அவள் கண்ணை மூடித் தலையணையில் சாய்வாள். பேச வேண்டிய கடமை தீர்ந்ததில் அந்த முகத்தில் ஒரு நிம்மதி வரும். "சார், கடைசியா ஒரு தடவை பாக்கலாமா? முடியலைன்னா சாப்பாட்டுக்கு அப்பறம்…" "இல்ல தம்பி, ஓட்டுங்க. இது போதும்." விளக்கு எரிந்தது. அதிகாரி பூட்டைக் கேட்டார். சொக்குவின் கை மார்புக்குப் போயிற்று. இரண்டு சின்னது. வளையல். நீளமாக ஒன்று, கீச்சு. அவள் மூச்சுக்காக இழுத்தாள், அது போதாமல் அறுந்தது. அறுந்த அந்த இடத்திலிருந்து, இமையளவு இடைவெளியும் விடாமல், அவள் கண்ணை மூடிச் சாய்ந்துகொள்ளட்டும் என்று, சிகாமணி பேசினார். "கேட்டுக்குப் பூட்டே கெடையாதுங்கய்யா." கண்ணாடிக்கு அப்பால் பாலகுரு நாற்காலியைச் சுழற்றிக் கைகொட்டினான், நளாயினி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். "ஒட்டு தெரியலைங்கய்யா! ஒரே மூச்சுல பேசுனாப்ல இருக்கு. ஓகே!" சிகாமணி ஹெட்போனைக் கழற்றவில்லை. அதற்குள் இப்போது இருமல் இல்லை.